மண்டபத்துக் கடலோர வீட்டில் அலுமினியக் கூரை: பட்டறையின் வேலை எப்படி?

மண்டபத்தில் கடலைப் பார்த்திருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு, இராமநாதபுரத்துப் பட்டறை ஒன்று போட்டுக் கொடுத்த அலுமினியக் கூரை ஒரு கோடையையும் ஓர் ஐப்பசி மழையையும் தாங்கிவிட்டது. பூச்சு உரிந்த இடத்திலெல்லாம் இரும்புத் தகட்டை உப்புக்காற்று அரித்துவிடும் என்பதால் இப்பக்கம் பலரும் அலுமினியத்துக்கு மாறுகிறார்கள். ஆனால் வெயிலில் அது இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும் என்பதை மனத்தில் வைத்து வேலை செய்பவர்கள் குறைவு.

ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.023 மி.மீ. நீளும், இரும்புக்கு அது 0.012 மி.மீ. விடியற்காலையில் 25 டிகிரியில் இருக்கும் 6 மீட்டர் ஷீட், உச்சிவெயிலில் 65 டிகிரியைத் தொட்டால் ஐந்தரை மி.மீ. நீண்டு, இரவில் மறுபடி சுருங்கும். நிழலில் இருக்கும் இரும்புச் சட்டமோ அந்த அளவுக்கு அசையாது. இரண்டையும் அசைய விடாமல் முடுக்கிவிட்டால், அன்றாட இழுபறியில் துளை அகன்று, வாஷர் கிழிந்து, கூரை ஒழுகத் தொடங்கும்.

இந்தப் பட்டறை மேஸ்திரியின் கைத்திறன் இங்கேதான் தெரிந்தது. ஸ்க்ரூவின் தடிமனைவிடப் பெரிதாகத் துளையிட்டார். ரப்பர் வாஷர் பிதுங்கி வழியும்வரை முடுக்காமல், தகட்டோடு படிந்ததும் நிறுத்தினார். "முகட்டுல மட்டும் புடிச்சு நிறுத்தணும்ண்ணே, கீழ அது போக்குல விட்டுரணும்" என்றார். பாம்பன் சாலைப் பாலத்தில் சக்கரங்களைத் தடதடக்க வைக்கும் இணைப்பு இடைவெளிகளும் இதே காரணத்துக்காக விடப்பட்டவைதாம். வெயில் தாழ்ந்ததும் கூரையில் 'டக், டக்' என்று கேட்பது தகடு சுருங்கி நகரும் ஓசை. விருந்தாளிகள் அண்ணாந்து பார்ப்பதைத் தவிர அதனால் தொல்லை இல்லை.

மழைநீர்க் குழாய் விஷயத்தில்தான் பட்டறை கோட்டைவிட்டது. பி.வி.சி. அலுமினியத்தைவிட இரு மடங்குக்கும் மேல் நீளக்கூடியது. 10 மீட்டர் குழாய்க்கு 20 டிகிரி ஏறினாலே ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். அவர்களோ இரு முனைகளிலும் பசை போட்டு ஒட்டி, இடையிடையே கிளாம்பால் இறுக்கியிருந்தார்கள். சித்திரை முடிவதற்குள் குழாய் வில்லாக வளைந்து ஒரு மூட்டு விட்டுப்போனது. சொன்னதும் வந்து, ஒரு மூட்டில் பசைக்குப் பதில் ரப்பர் வளையம் வைத்து, கிளாம்புகளைத் தளர்த்திக் கொடுத்தார்கள். ஆனால் அதற்குத் தனியாகக் கூலி வாங்கியது நியாயமில்லை.

கூரைக்கு இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம். விலை பேசும்போதே குழாய் மூட்டையும் துருப்பிடிக்காத ஸ்க்ரூவையும் மதிப்பீட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.