ஒரு பக்க ஹெர்னியாவுக்கு ரோபோவும் டேக்கரும்: சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண். வலது தொடை இடுக்கில் சிறிய வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே வரும், வலி கிடையாது. முதன்முறை வந்த ஹெர்னியா, அதாவது வயிற்றுச் சுவரில் உள்ள துவாரம் வழியாகக் குடல் பிதுங்கும் குடலிறக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் காட்டிய அன்றே, "குடல் சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்து, இன்னைக்கே அட்மிஷன் போட்டுருங்க" என்றார்கள். மறுநாள் ரோபோ மூலம் அறுவை. பில்லில் ரோபோவுக்குத் தனிக் கட்டணம், வளைத்து வார்த்த இறக்குமதி மெஷ் (துவாரத்தை மறைக்க வைக்கும் வலை), அதைப் பதிக்கும் டேக்கர் கருவி முழுதாக ஒன்று. இன்சூரன்ஸ் கொடுத்தது போக மீதியைக் குடும்பம் கடன் வாங்கிக் கட்டியது. மாதங்கள் கழிந்தும் வலது தொடையின் வெளிப்பக்கம் எரிகிறது; பேன்ட் துணி உரசினாலே தாங்க முடியவில்லை. போய்க் கேட்டால், "போகப் போகச் சரியாயிடும்" என்ற பதில்தான்.

ஆளும் ஊரும் மாறினாலும் இதே மாதிரிக் கோப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஹெர்னியா அறுவை நல்ல அறுவை. மெஷ் வைப்பதும் சரியான முறை. ஏமாற்று நடப்பது அவசரத்தைக் காட்டி மிரட்டுவதில், தேவையற்ற சாமானை ஏற்றுவதில், பிறகு காகிதங்களைக் கொடுக்காமல் விடுவதில்.

முதலில் அவசரம். தொந்தரவில்லாத, உள்ளே தள்ளினால் போகிற தொடை இடுக்கு ஹெர்னியா உள்ள 720 ஆண்களை அமெரிக்காவில் இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு உடனே அறுவை, மற்றதற்குக் கவனித்துக் காத்திருத்தல். காத்திருந்தவர்களில் ஹெர்னியா திடீரெனச் சிக்கிக்கொண்டது ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் இரண்டு பேருக்கும் குறைவு என்ற அளவில்தான். ஆக, "இன்றைக்கே" என்பதற்கு ஆதாரமில்லை. அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 10 ஆண்டுகளில் சுமார் 68 சதவீதம் பேர், பெரும்பாலும் வலி கூடியதால், அறுவைக்கு வந்துவிட்டார்கள். அறுவை என்றாவது வரும். ஆனால் வீட்டில் பேசவும், இன்னொரு மருத்துவரிடம் காட்டவும், இன்சூரன்ஸில் ஹெர்னியாவுக்குப் பொதுவாக வைத்திருக்கும் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்க்கவும் நேரம் இருக்கிறது.

இந்த நிதானம் எல்லோருக்கும் பொருந்தாது. பெண்களுக்குத் தொடை இடுக்கில் வருவது, மடிப்புக்குச் சற்றுக் கீழே பிதுங்கும் தொடைப்பக்க (ஃபெமோரல்) ஹெர்னியாவாக இருக்க ஆண்களைவிட வாய்ப்பு அதிகம். அது எளிதில் சிக்கும், தள்ளிப்போடக் கூடாது. யாராக இருந்தாலும், வீக்கம் கல்லாக இறுகி உள்ளே போகாமல் வலித்தாலோ, தோல் சிவந்தாலோ, வாந்தி வந்து வாயு பிரியாமல் வயிறு உப்பினாலோ அது உண்மையான அவசரம். அழுத்தித் தள்ளிப் பார்க்காமல், எதுவும் சாப்பிடாமல், 24 மணி நேரமும் அறுவை செய்யும் மருத்துவமனைக்குப் போங்கள். லேகியம், ஊசி, பெல்ட் என்று "ஆபரேஷன் இல்லாமல் ஹெர்னியா குணம்" என விளம்பரம் செய்பவர்களிடம் போக வேண்டாம். பெரியவர்களுக்கு அந்தத் துவாரம் தானாக மூடாது.

அடுத்தது ரோபோ. ஒரு பக்க, சிக்கலற்ற தொடை இடுக்கு ஹெர்னியாவில் ரோபோவையும், சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் சாதாரண லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்ட ரைவல் ஆய்வு 2020-ல் வந்தது. நோயாளிக்குக் கூடுதல் பயன் எதையும் அது காட்டவில்லை. நேரமும் செலவும்தான் ரோபோவில் கூடின. பெரிய வயிற்றுச் சுவர் ஹெர்னியா, பல முறை அறுவை செய்த வயிறு என்றால் பேச்சு வேறு. முதன்முறை வந்த ஒரு பக்க ஹெர்னியாவுக்கு "ரோபோதான் பெஸ்ட்" என்று சொல்லிக் கூடுதல் பணம் வாங்குவது நோயாளியின் அறியாமையில் சம்பாதிப்பதுதான்.

லேப்ராஸ்கோப்பியே எல்லோருக்கும் கட்டாயமில்லை. அதில் வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம், இரண்டு பக்கமும் இருந்தால் ஒரே வழியில் முடிக்கலாம். ஆனால் முழு மயக்கம் வேண்டும், கை பழகிய அறுவை நிபுணரும் வேண்டும். 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வயிற்றுக்குள் நுழையாமல் வயிற்றுச் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே மெஷ் வைக்கும் டெப் (TEP) என்ற லேப்ராஸ்கோப்பி முறையைக் கற்றுத் தேற 50 முதல் 100 அறுவைகள் ஆகும் என்கிறது. இதயக் கோளாறு உள்ள முதியவருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, தோலைக் கீறித் திறந்து மெஷ் வைக்கும் லிச்டென்ஸ்டீன் முறையில் முடித்துவிடலாம். இது தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கிற அறுவை. யாரும் அதை "பழைய முறை" என்று இளக்காரமாகப் பேசினால் நம்பாதீர்கள்.

மெஷ் விலையைப் பொறுத்தவரை ஒரு செய்தியை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் தொங்கான்கர், கொசுவலைத் துணியை முறையாகக் கிருமி நீக்கி மெஷ்ஷாக வைக்கும் வழியைக் காட்டினார். அத்தகைய மலிவு மெஷ்ஷை வணிக மெஷ்ஷுடன் ஒப்பிட்டு உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஓராண்டு முடிவில் மலிவு மெஷ் பிரிவில் ஒரே ஒருவருக்கு ஹெர்னியா திரும்பியது, மற்றதில் யாருக்கும் இல்லை. சிக்கல்கள் இரண்டிலும் கிட்டத்தட்ட சமம். விலை ஏறினால் தரமும் ஏறும் என்பது இங்கே எடுபடாது. பெரும்பாலானவர்களுக்குத் தட்டையான பாலிப்ரொப்பிலீன் மெஷ் போதும்.

பார்க்க வேண்டியது அளவை. லேப்ராஸ்கோப்பியில் குறைந்தது 10×15 செ.மீ. வேண்டும். உள்ளே போதுமான இடம் பிரிக்காமல், மெஷ்ஷை வெட்டிச் சிறிதாக்கித் திணித்தால் ஓரம் சுருண்டு அந்த வழியாகவே ஹெர்னியா திரும்பும். லிச்டென்ஸ்டீனில் மெஷ் உள்பக்கம் பூப்பெலும்பு (அடிவயிற்றின் கீழே நடுவில் உள்ள எலும்பு) முகட்டைத் தாண்டி 2 செ.மீ. போக வேண்டும், ஹெர்னியா திரும்புவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். அங்கே தையலை எலும்பின் மேலுறையில் போட்டால் தீராத வலி வரும்.

இப்போது டேக்கர். மெஷ்ஷை உள்ளே அடித்துப் பதிக்கும், ஒரே முறை பயன்படுத்தும் கருவி இது. மூன்று டேக் அடித்தாலும் முழுக் கருவிக்கும் பில் போடுவார்கள். டெப் முறையில் ஏறக்குறைய யாருக்கும் மெஷ்ஷைப் பதிக்கவே தேவையில்லை, உள்பக்கத் துவாரம் பெரிதாக இருந்தால் மட்டும் பதியுங்கள் என்பது அதே 2018 வழிகாட்டுதலின் பரிந்துரை. மெஷ்ஷை வயிற்றின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். தேவையில்லாமல் பதித்தால் பணம் போவதோடு நிற்காது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள்ளே ஓடும் தசைநார்ப் பட்டைக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், தொடைத் தோலுக்கான நரம்பு போகிறது. அங்கே ஒரு டேக் இறங்கினால் தொடையின் வெளிப்பக்கம் எரியும். மேலே சொன்ன நோயாளியின் எரிச்சல் அப்படியே இந்த நரம்பின் எல்லைக்குள் இருக்கிறது. அறுவை அரங்கில் இதற்கு 'வலி முக்கோணம்' என்றே பெயர். அதை அறியாத லேப்ராஸ்கோப்பி நிபுணர் இருக்க முடியாது.

உலோக டேக் சாதாரண எக்ஸ்ரேயில் சுருள் கம்பியாகத் தெரியும். எத்தனை, எந்த இடத்தில் என்று எண்ணிவிடலாம். கரையும் டேக்கும் மெஷ்ஷும் எக்ஸ்ரேயில் தெரியாது. அவற்றுக்கு அறுவைக் குறிப்புதான் சாட்சி.

இந்த நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "மெஷ் வைக்கப்பட்டது" என்று ஒரு வரிதான் இருந்தது. கம்பெனி, அளவு, தொகுதி எண் எதுவும் இல்லை. ஒவ்வொரு மெஷ் பெட்டியிலும் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் வரும். ஒன்று கேஸ் ஷீட்டுக்கு, ஒன்று உங்களுக்கு. இது ஏன் முக்கியம் என்பதற்கு எத்திகான் நிறுவனத்தின் பிசியோமெஷ் சாட்சி. வயிற்றுச் சுவர் ஹெர்னியாவுக்கு லேப்ராஸ்கோப்பியில் வைத்த அந்த மெஷ்ஷில் ஹெர்னியா அதிகமாகத் திரும்புகிறது என்று டென்மார்க், ஜெர்மனி நாடுகளின் ஹெர்னியா அறுவைப் பதிவேடுகள் காட்டின. 2016-ல் நிறுவனம் அதைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. உடம்பில் இருப்பது என்ன மெஷ் என்று தெரியாதவருக்கு அந்தச் செய்தியால் என்ன பயன்?

அறுவைக்கு முன் உங்கள் நிபுணரிடம் நேராகக் கேளுங்கள்: எந்த முறை, இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், மெஷ் எந்த அளவு, டேக்கர் எதற்கு, மதிப்பீட்டில் டேக்கரையும் மெஷ்ஷையும் தனித்தனி வரியாக எழுதித் தருவீர்களா? நாள்பட்ட வலி பற்றி அவர் தானாகப் பேசுகிறாரா என்றும் பாருங்கள். தொடை இடுக்கு ஹெர்னியா அறுவைக்குப் பின் சுமார் 10 முதல் 12 சதவீதம் பேருக்கு அது வருகிறது. "எனக்கு வந்ததே இல்லை" என்பவர், போன நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்காதவர்.

ஏற்கெனவே அறுவை முடிந்து, வலி 3 மாதத்தைத் தாண்டி அன்றாட வேலையைத் தடுத்தால் அதை நாள்பட்ட வலி என்றே கொள்ள வேண்டும். "சரியாயிடும்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. வலி மருத்துவரிடம் நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்க்கலாம்; ஊசி போட்டதும் வலி அடங்கினால் எந்த நரம்பு என்பது உறுதியாகும். டேக்கை எடுப்பது, நரம்பை வெட்டுவது எல்லாம் அதன் பிறகு, இதில் அனுபவம் உள்ளவர் கையில் மட்டும்.

அதற்கும் அறுவைக் குறிப்பு வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைப்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். 3 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்காதீர்கள். கேஸ் ஷீட், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, இம்பிளான்ட் ஸ்டிக்கர், வரிவாரியான பில் என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் மருத்துவமனை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அதே நகலை இணைத்து மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் அது ஆதாரமாகும்.