மின்னொளிப் போட்டியில் தண்ணீரை எதில் கொடுப்பது? பாட்டில், பேப்பர் கப், எவர்சில்வர்: ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை நீளும் தூத்தூர் வட்டார மீனவ ஊர்களில் கால்பந்துப் போட்டி இல்லாமல் ஒரு விடுமுறைக் காலம் கழிவதில்லை. உள்நாட்டு ஊர்களில் அந்த இடத்தைக் கபடியும் வாலிபாலும் பிடித்துக்கொள்கின்றன. பெரும்பாலும் ஊர் மன்றம் ஒன்றே இவற்றை நடத்துவதால், கோடிகளைக் கொட்டி நடத்தும் பன்னாட்டுப் போட்டிகளுக்குச் சொல்லப்படும் சுற்றுச்சூழல் ஆலோசனைகள் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. மன்றச் செயலாளருக்கு முதலில் எழும் கேள்வி, கூட்டத்துக்குத் தண்ணீரை எதில் கொடுப்பது என்பதுதான். நடைமுறையில் உள்ள மூன்று வழிகளையும், அவற்றுக்கு ஆகும் செலவையும் ஆள்வேலையையும், மறுநாள் காலையில் மைதானத்தில் எஞ்சுவதையும் கொண்டு இங்கே ஒப்பிடுகிறேன். கடைசியில் பதாகையையும் பரிசுக் கோப்பையையும் பற்றிச் சிறிது சொல்கிறேன்.

அடைத்த பாட்டிலில் சுத்தம் பற்றிய ஐயம் இல்லை. ஸ்பான்சர் கிடைத்தால் மன்றத்துக்குச் செலவும் இல்லை. கழுவ ஆளும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடை தண்ணீர்ப் பாக்கெட்டை விலக்கியதே தவிர பாட்டிலைத் தொடவில்லை. எனவே பாக்கெட் போன இடத்தில் சிறிய பாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பெட் பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கு ஏற்றது என்பதும், ஆக்கர் கடைக்காரர், அதாவது பழைய சாமான் வாங்குபவர், அதை எடைக்கு எடுத்துக்கொள்வார் என்பதும் உண்மைதான். ஆனால் அவருக்குக் காலியான, சுத்தமான பாட்டில் வேண்டும். பாதி குடித்து எறியப்பட்டு, மண் ஒட்டி, மூடி தனியே போன பாட்டில்களைப் பொறுக்கிக் கவிழ்த்து நசுக்கிச் சாக்கில் கட்ட அன்றிரவே ஆள் வேண்டும். இறுதிப் போட்டி முடிந்து கோப்பையோடு ஊர்வலம் கிளம்பிய பிறகு அந்த ஆளை எங்கே தேடுவது? பாட்டில்தான் வேண்டும் என்றால் முன்பணம் வாங்குவதே தகுந்த வழி. நீலகிரியில் 2022-இல், டாஸ்மாக் மதுப் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவருவோருக்கு அதைத் திருப்பித் தரும் முறை தொடங்கப்பட்டது. அதே முறையை மைதானத்துக் கடையில் வைத்தால், பெரியவர்கள் எறிந்துவிட்டுப் போனாலும் சிறுவர்கள் ஒரு பாட்டிலையும் விட்டுவைக்க மாட்டார்கள்.

பேப்பர் கப் விலை மிகக் குறைவு. பார்வைக்குக் காகிதமாக இருப்பதால், பிளாஸ்டிக்கைக் கைவிட்டுவிட்டோம் என்று மைக்கில் அறிவிக்கவும் வசதியானது. இருந்தும் மூன்றில் மிக மோசமானது இதுதான் என்பது என் முடிவு. பயன்படுத்திய கப் ஒன்றை இரவு முழுதும் நீரில் ஊறப்போட்டுக் காலையில் விரலால் தேய்த்துப் பாருங்கள்: காகிதம் கூழாகிப் பிரிந்துபோக, வழுவழுப்பான மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒன்று கையில் நிற்கும். அந்தப் பாலிஎத்திலீன் பூச்சு இருப்பதால்தான் கப் ஒழுகுவதில்லை. அதே காரணத்தால்தான் ஆக்கர் கடையும் அதைச் சீண்டுவதில்லை, உரக்குழியிலும் அது மட்குவதில்லை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் 2019 தடைப் பட்டியலிலேயே இருக்கிறது என்பது நினைவில் இருக்க வேண்டும். சுக்குக் காப்பியையும் கட்டன் சாயாவையும் (பால் சேர்க்காத தேநீர்) அதில் ஊற்றும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது: சூடான பானம் 15 நிமிடம் அதில் இருந்தால் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாகக் காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் தெரிவித்தனர்.

இவற்றோடு காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மின்னொளிப் போட்டி நடப்பது இரவில். கரைக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதும் இரவில். கடற்கரை மைதானத்தில் கீழே போட்ட காலிக் கப் பொறுக்கும் வரை காத்திருக்காமல் மணலில் உருண்டு அலைக்குப் போய்விடும். காற்றுக்குப் பெயர்போன ஆரல்வாய்மொழிப் பக்கத்து மைதானங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே நீர் இருக்கும் கப்பே நிற்காது.

20 லிட்டர் கேனும் எவர்சில்வர் டம்ளரும் சேர்ந்த மூன்றாம் வழிக்கு நம் ஊர்களில் முதலீடு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அசனம் என்னும் பொது விருந்து நடத்தும் கிறிஸ்தவ ஆலயத்திலும் அன்னதானம் போடும் கோவிலிலும் டம்ளர்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இல்லாவிட்டால் வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் டம்ளரைப் பயன்படுத்துவது முக்கியம், ஏனென்றால் ஒரு எவர்சில்வர் டம்ளரைச் செய்ய ஆகும் ஆற்றல் ஒரு பேப்பர் கப்புக்கு ஆவதைவிடப் பல மடங்கு அதிகம். புதிதாக வாங்கி ஒரே போட்டியோடு மூலையில் போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரே வாளித் தண்ணீரில் முக்கி முக்கிக் கொடுத்தால் ஒருவரின் சளி ஊருக்கே பரவும். ஓடும் குழாய்நீரிலோ, சோப்பு நீருக்கு ஒன்று, நல்ல நீருக்கு ஒன்று என இரண்டு தொட்டி வைத்து அடிக்கடி நீரை மாற்றியோ கழுவ வேண்டும். கோடையில் கடலோர ஊர்களில் நல்ல தண்ணீருக்கே தட்டுப்பாடு என்பதால் இது சிறிய செலவல்ல. அண்ணாந்து குடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஓர் அலசல் போதும், ஆனால் கூட்டத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. யார் கழுவுவது என்ற கேள்வி இதைவிடப் பெரியது. மகளிர் குழுவினரைக் கூப்பிட்டுச் சம்பளம் இல்லாமல் கழுவ விட்டுவிட்டு, மன்றம் கப்புச் செலவை மிச்சப்படுத்தியதாகச் சொல்லிக்கொண்டால், அந்தச் செலவு பெண்களின் முதுகுக்கு மாறியிருக்கிறது என்பதே உண்மை. கப்புக்கு ஒதுக்கிய பணத்தைக் கழுவுகிறவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தால், எவர்சில்வர்தான் மூன்றில் முதலிடம் பெறும்.

கண்காணிப்பு இல்லாவிட்டால் இதுவும் வெறும் காட்சியாகிவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் திரும்பப் பயன்படுத்தும் கோப்பைகளைப் பெருமையாகக் கொடுத்தார்கள். ஆனால் பல கடைகளில் பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்தே அந்தக் கோப்பைகளில் ஊற்றினார்கள் என்று விமர்சனம் எழுந்தது. இங்கும் தண்ணீருக்கு டம்ளர் வைத்துவிட்டு, போஞ்சி (எலுமிச்சைச் சாறு) விற்கும் கடைக்காரரைப் பேப்பர் கப்போடு உள்ளே விட்டால் கதை அதுவேதான். 2019 லண்டன் மாரத்தானில் ஓட்டக்காரர்களுக்குக் கடற்பாசியிலிருந்து செய்த, விழுங்கக்கூடிய பைகளில் பானம் கொடுத்தார்கள். ஓடிக்கொண்டே குடிப்பவருக்கு அது நல்ல ஏற்பாடு. உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவருக்குத் தேவையில்லை.

தண்ணீரை அடுத்து மன்றம் முடிவெடுக்க வேண்டிய பதாகையில், ஃப்ளெக்ஸுக்கும் துணிக்கும் இடையிலான போட்டி இவ்வளவு எளிதாகத் தீராது. ஃப்ளெக்ஸைக் கிழித்தால் விளிம்பில் வெள்ளை நூல்கள் நீட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். அது பாலியெஸ்டர் வலையின் மேல் பிவிசி பூசியது. இரண்டையும் பிரிப்பது கடினம் என்பதால் மறுசுழற்சிக்கு ஆள் இல்லை. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வெளிவரும். 2022 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த தேசியத் தடை 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பதாகைகளை மட்டுமே விலக்கியது. அதைவிடத் தடிமனான ஃப்ளெக்ஸ் தப்பிவிடுகிறது. பழைய ஃப்ளெக்ஸ் விறகு மூடவும் கோழிக்கூட்டுக் கூரைக்கும் உதவுகிறது என்பது சரியே, ஆனால் வெயிலில் வெளுத்துப் பொடிந்து அதுவும் மண்ணில்தான் சேரும். துணிக்கு விலை கூடுதல், எழுதத் தெரிந்த ஓவியர்களும் குறைந்துவிட்டார்கள். எனினும் ஃப்ளெக்ஸ் நிலைத்திருப்பதற்கு உண்மையான காரணம் வேறு: வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் ஸ்பான்சரின் படம் மைதானத்தில் தெரிய வேண்டும். அதை மறுக்கும் துணிவு எந்த மன்றத்துக்கும் இல்லை. ஆகவே ஆண்டும் தேதியும் அச்சிடாத ஒரே பெரிய பதாகையை ஆண்டுதோறும் கட்டி, தேதியைத் துணிப்பட்டையில் எழுதித் தைத்து, ஸ்பான்சர்களின் பெயரை வர்ணனையாளர் இடைவேளைதோறும் சொல்வது என்பதே எனக்கு நடைமுறைக்கு ஒத்த சமரசமாகப் படுகிறது.

பரிசுக் கோப்பையைப் பொறுத்தவரை நீண்ட விவாதம் தேவையில்லை. ஆண்டுதோறும் வாங்கும், தங்கமுலாம் போல மினுங்கும் ஆளுயரப் பிளாஸ்டிக் கோப்பையைவிட, பெயர்த்தகடு பொருத்தக்கூடிய ஒரே பித்தளைச் சுழற்கோப்பை எல்லா வகையிலும் மேல். 1888-இல் தொடங்கிய டூரண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் வெல்லும் அணிக்கு மூன்று கோப்பைகள் தருகிறார்கள். அவற்றில் இரண்டு சுழற்கோப்பைகள், ஒன்று மட்டுமே அணிக்குச் சொந்தம். சொந்தமாக எதையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வடமிழுத்தலில் கொடுப்பது போல ஓர் ஏத்தன் வாழைக்குலையைக் கொடுக்கலாம். சுழற்கோப்பையில் உள்ள தலைவலி, அடுத்த ஆண்டு அதைத் திருப்பிக் கொண்டுவராத அணி. கோப்பையைக் கையில் கொடுக்கும்போதே முன்பணத்தைப் பிடித்துக்கொண்டு, அணித்தலைவரிடமும் அந்த ஊர் மன்றச் செயலாளரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.