ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சி: சாம்பிள் நம்மோடு வரட்டுமா, கொரியரில் போகட்டுமா?

கரூரில் ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஜனவரி என்றால் ஹைம்டெக்ஸ்டில்தான், ஜெர்மனியில் நடக்கும் வீட்டு ஜவுளிக் கண்காட்சி. பெட்ஷீட், மேஜை விரிப்பு, கிச்சன் டவல் வாங்கும் பையர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் நாலு நாள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக நானும் சில தடவை போய் வந்துவிட்டேன். முதல்முறை போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது டிக்கெட் விலையும் ஸ்வெட்டரும். சாம்பிள் எப்படிப் போய்ச் சேரப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதை முடிவு செய்த பிறகுதான் மற்றதை எல்லாம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் எந்த விமானம், எங்கே ரூம் என்பதுகூட கையில் எத்தனை கிலோ துணி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான்.

கொரியரிலிருந்து தொடங்குகிறேன். நாம் கையை வீசிக்கொண்டு ஏறலாம், எடைக் கவலை இல்லை, நாற்பது ஐம்பது கிலோ இருந்தாலும் அனுப்பலாம். ஸ்டால் போடுகிறவர்களுக்கு ஹேங்கர், குஷன், குயில்ட் என்று இடத்தை அடைக்கிற சாமான்கள் இருக்கும், அவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. ஆனால் பெட்டி ஜெர்மன் கஸ்டம்ஸில் நின்றுவிட்டால் கதை வேறு. ஒரு வருஷம் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. இன்வாய்ஸில் 'சாம்பிள், விற்பனைக்கு அல்ல' என்று எழுதியிருந்தோம், துணி விவரத்தில் மட்டும் வெறுமனே 'காட்டன் துணி' என்று இருந்தது. அது பெட்ஷீட்டா, டவலா, எத்தனை பீஸ், என்ன மதிப்பு என்று கேள்வி மேல் கேள்வி. பதில் சொல்லி முடிப்பதற்குள் கண்காட்சியின் இரண்டாம் நாள் போய்விட்டது. சரி, ஊரிலிருந்து இன்னொரு செட் அனுப்பச் சொல்லலாம் என்றால் அன்றைக்குப் பொங்கல். இந்தக் கண்காட்சி பல வருஷம் பொங்கலை ஒட்டித்தான் வரும். 2025இல் ஜனவரி 14ஆம் தேதி தொடங்கியது, அன்றுதான் தைப்பொங்கல். ஃபேக்டரி பூட்டிக் கிடக்கும், தையல் பிரிவில் ஆளே இருக்காது. கொரியர் மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பெட்டியில் நாமே கொண்டுபோவது உடம்புக்குக் கஷ்டம், மனசுக்கு நிம்மதி. எகானமி டிக்கெட்டில் 23 கிலோ பெட்டி ஒன்று என்றால், அதில் நம் துணிமணிக்கு எட்டு கிலோ போக மீதி பதினைந்து. ஒரு முழு கிங் சைஸ் பெட்ஷீட் எடுத்தால் அதுவே ஒரு கிலோவைத் தாண்டும். அதனால் நான் முழு பீஸ் மூன்றோ நாலோதான் எடுப்பேன், மற்றதெல்லாம் ஸ்வாட்ச், அதாவது சின்னத் துணித் துண்டு. ஜிக்ஜாக் கத்தரியால் ஓரம் வெட்டி, அட்டையில் ஒட்டி, பின்பக்கம் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), கவுன்ட் (நூலின் பருமன்), கன்ஸ்ட்ரக்‌ஷன் (அங்குலத்துக்கு எத்தனை இழை), விலைக்கான நம் குறியீடு எல்லாம் எழுதி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன். முழு பீஸ்களில் ஒரு மூலையில் 'சாம்பிள்' என்று அழியாத மையில் முத்திரை குத்திவிடுவோம். இது சும்மா வழக்கத்துக்காக அல்ல. ஆர்டர் பிடிப்பதற்காகக் கொண்டுபோகும் அற்ப மதிப்புள்ள சாம்பிளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வரிவிலக்கு உண்டு, ஆனால் அதை விற்க முடியாதபடி கிழித்தோ, துளையிட்டோ, அழியாத குறி போட்டோ வைக்கச் சொல்ல அங்குள்ள கஸ்டம்ஸுக்கு அதிகாரம் இருக்கிறது. விமானத்தில் போகிறவர்களுக்கு 430 யூரோ வரை வரியில்லை என்று சொல்வார்களே, அது சொந்த உபயோகத்துக்கும் பரிசுக்கும்தான், வியாபாரச் சரக்குக்கு இல்லை. அதனால் 'அறிவிக்க எதுவும் இல்லை' என்கிற பச்சை வழியில் நைசாக நடந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இன்வாய்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சிவப்பு வழியில் போய்க் காட்டிவிட்டு வெளியே வந்தால் நெஞ்சு படபடக்காது.

மூன்றாவதாக ஏடிஏ கார்னே என்று ஒரு கஸ்டம்ஸ் ஆவணம் உண்டு. இந்தியாவில் இதைக் கொடுப்பது ஃபிக்கி என்கிற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு. ஒரு வருஷம் செல்லும், வரி கட்டாமல் பொருளைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம். பட்டியலில் எழுதிய ஒவ்வொரு பொருளும் திரும்பி வந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வரி நம் தலையில். மெஷின், விலை உயர்ந்த டிஸ்ப்ளே சாமான் கொண்டுபோகிறவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. பையர் "இதை வச்சுக்கலாமா?" என்று கேட்கும்போது சிரித்த முகமாகக் கொடுக்க வேண்டிய டவலுக்கு இது ஒத்துவராது.

என் முடிவு இதுதான்: ஆர்டர் வரும் என்று நீங்கள் நம்புகிற முதல் இருபது டிசைனும் உங்கள் பெட்டியில் வரட்டும், அதிலும் ஒரு செட் ஸ்வாட்ச் கைப்பையில். மிச்சத்தை டிசம்பர் முதல் வாரத்திலேயே கொரியரில் போடுங்கள், கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் கஸ்டம்ஸைத் தாண்டிவிட வேண்டும்.

இனி விமானம். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவில் நேராகப் போகலாம். கரூரிலிருந்து பெங்களூரு சுமார் 300 கிலோமீட்டர், காரில் போகிறவர்களுக்கு அதுதான் பக்கம். துபாய், தோஹா வழியாகப் போனால் டிக்கெட் பல சமயம் மலிவு, சில டிக்கெட்டுகளில் 30 கிலோ வரை கிடைக்கும். துணி கொண்டுபோகிற நமக்கு அந்த ஏழு கிலோ பெரிய விஷயம். ஆனால் நடுவில் விமானம் மாறும்போது பெட்டி தங்கிவிடும் அபாயமும் உண்டு, ஆகவே அப்படிப் போகிறவர்கள் கண்காட்சிக்கு ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுங்கள். ஸ்வாட்ச் கைப்பையில் இருக்கட்டும் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

தங்குவதற்குக் கண்காட்சி வளாகமான மெஸ்ஸே பக்கத்திலேயே ரூம் எடுத்தால் மதியம் ஓடிப்போய் விட்டுப்போன சாம்பிளை எடுத்து வரலாம், ஆனால் அந்த நாலு நாளும் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். மைன்ஸ், ஒஃபன்பாக் மாதிரிப் பக்கத்து ஊர்களில் கணிசமாகக் குறையும். ஒஃபன்பாக்கிலிருந்து எஸ்-பான் ரயிலில் கால் மணி நேரம் போலத்தான் ஆகும், ஹாப்ட்பான்ஹோஃப் என்கிற மெயின் ஸ்டேஷனில் இறங்கி யு4 மெட்ரோவைப் பிடித்தால் அடுத்த ஸ்டாப்பே மெஸ்ஸே. மைன்ஸிலிருந்து எஸ்8 ரயில் விமான நிலையம் வழியாகவே வரும், வந்து இறங்குகிற அன்றும் கிளம்புகிற அன்றும் பெட்டி இழுக்கிற வேலை மிச்சம். நான் மைன்ஸ் கட்சி. எங்கள் எம்டி சார் மெஸ்ஸே பக்கம்தான் வேண்டும் என்பார். அவருக்கு இரவில் பையர்களோடு சாப்பாடு இருக்கும், பதினொரு மணிக்கு மேல் குளிரில் பிளாட்பாரத்தில் நிற்கச் சொல்வது நியாயமில்லை. எனக்கு அந்த வேலை இல்லை. ஹோட்டலில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். பெட்டியிலிருந்து எடுத்த டேபிள் ரன்னரில் மடிப்பு கோடு கோடாக நிற்கும், அதை அப்படியே மேஜையில் விரித்தால் எவ்வளவு நல்ல நெசவும் எடுபடாது. முதல் நாள் ராத்திரி கட்டில் மேல் துண்டை விரித்து, எல்லா பீஸையும் லேசாகத் தண்ணீர் தெளித்துத் தேய்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

பணத்துக்கு, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்கிற ஃபாரெக்ஸ் கார்டா, கிரெடிட் கார்டா? பல கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதமும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போடுவார்கள். லட்ச ரூபாய் செலவு செய்தால் 4,130 ரூபாய் அதிலேயே போகும். ஃபாரெக்ஸ் கார்டில் யூரோவாக ஏற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஹோட்டல் டெபாசிட்டுக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள், பிடித்து வைத்த தொகை திரும்பி வரப் பல நாள் ஆகலாம், அதுவரை கார்டில் காசு இருந்தும் எடுக்க முடியாது. டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு, தினச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு. கடையில் கார்டு மெஷினில் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள், ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த ரேட்தான். ஜெர்மனியில் சின்னக் கடைகள் சிலவற்றில் அவர்கள் ஊர் கார்டு அல்லது ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்கள், ஆகவே ஆளுக்கு இருநூறு யூரோவாவது நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவை ஏஜென்ட் வழியாகப் போட்டாலும், நாமே போட்டாலும், கைரேகை கொடுக்க நாம்தான் நேரில் போக வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். நவம்பர் கடைசியில் விசா அப்பாயின்ட்மென்ட் ஸ்லாட் தேடி அலைகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன், தீபாவளி வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர்கள்தான் அவர்கள். செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள்.