நாவலப்பிட்டி மழைக்கு எந்த நுளம்பு வலை தாங்கும்?

எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கு அலுமினியப் பிரேம் போட்ட நுளம்பு வலை அடித்திருக்கிறோம். அதற்கு முன்பு ஹாட்வெயார் கடையில் பைக்குள் சுருட்டி விற்கும் வெல்க்ரோ வலைதான் இருந்தது. இரண்டையும் பாவித்தவன் சொல்கிறேன், நாவலப்பிட்டி, கினிகத்தேனைப் பக்கம் இருப்பவர்கள் வெல்க்ரோவுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அந்தப் பட்டியை மரச்சட்டத்தில் பிடித்து வைத்திருப்பது பின்பக்கத்துப் பசை மட்டும்தான். வெயில் காயும் ஊரில் அது நிற்கும். இங்கே ஜூன் பிறந்தால் மரமே ஈரம் குடித்து ஊதிவிடும். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கமெல்லாம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற இடம். முதலில் மேல் மூலை கழன்று நாய் நாக்கு மாதிரித் தொங்கும். அப்புறம் அதன் வழியே உள்ளே வந்த நுளம்பு வெளியே போகவும் வழி தெரியாமல் நம்மையே சுற்றும். விலை குறைவு, வேறு நல்லது சொல்ல ஒன்றுமில்லை.

“மலையில இருக்கிறவங்களுக்கு எதுக்கு வலை?” என்று ஹட்டனில் இருக்கும் அக்கா கேட்டார். தோட்ட டிஸ்பென்சரியில் காலம் தள்ளியவன் என்பதால் இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். டெங்கு நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. வைரஸ் அதன் உடம்புக்குள் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். 30 பாகை வெக்கையில் அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். 20 பாகைக்குப் பக்கத்தில் இரண்டு, மூன்று வாரத்தையும் தாண்டி இழுக்கும். அதற்குள் நுளம்பின் ஆயுசே முடிந்துவிடும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அக்கா வீடு 1,200 மீற்றருக்கு மேலே. நாங்களோ 600 மீற்றருக்குச் சற்றுக் கீழே, மகாவலிக் கரையோரம், மார்ச் மாதத்தில் ஃபேன் போட்டுத் தூங்குகிறவர்கள். நாடு முழுக்க 186,000 பேருக்கு டெங்கு வந்த 2017இல் எங்கள் கண்டி மாவட்டமும் தப்பவில்லை. போதாததற்கு, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்குக் காய்ச்சலோடு பஸ் ஏறி வருவார்கள். ஒரு பக்கம் வெக்கை மேலே ஏறுகிறது, இன்னொரு பக்கம் நோய் பஸ்ஸில் வருகிறது.

கட்டிலுக்கு வலை கட்டினால் போதாதா என்றால், அது ராத்திரியில் கடிக்கும் மலேரியா நுளம்புக்குச் சரி. மலேரியாவை ஒழித்துவிட்டதாக 2016இலேயே உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றிதழ் கொடுத்தாயிற்று. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகல்காரன். காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும், பிள்ளைகள் மேசையில் பாடம் படிக்கும்போது காலடியில் வந்து கடிக்கும். ஜன்னலை அடைப்பதுதான் வழி.

அலுமினிய வேலைக்குக் கம்பளையிலிருந்து ஆள் வந்தார்கள். ஒரு புகார் இருப்பதால் கடைப் பெயர் வேண்டாம். பழைய வீடு, ஒரு ஜன்னலும் நேர் சதுரமில்லை. அளக்க வந்த தம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாக, குறுக்கும் மறுக்குமாக அளந்தார், அதிலேயே எனக்குத் திருப்தி. வலை சாம்பல் நிறக் கண்ணாடி நார், துருப்பிடிக்காது. ரப்பர் பீடிங் வைத்து இறுக்கியிருப்பதால் கிழிந்தால் வலையை மட்டும் மாற்றலாம். அறை கொஞ்சம் இருட்டியிருக்கிறது, காற்றும் குறைவு. பழகிவிட்டது.

புகார் கீழ்ச்சட்டத்தைப் பற்றியது. வலை நிற்கும் வாய்க்காலின் இரண்டு முனையையும் சிலிக்கன் வைத்து நன்றாகவே அடைத்துவிட்டார்கள். தென்மேற்குக் காற்று மழையைச் சரித்து அடித்தபோது தண்ணீர் அதற்குள் போய்த் தங்கிவிட்டது. நல்ல அடைமழை என்றால் கழுவிக்கொண்டு போயிருக்கும். இரண்டு நாள் தூறல், இரண்டு நாள் வெயில் என்று வந்தால்தான் வில்லங்கம். டோர்ச் அடித்துப் பார்த்தால் அரை விரல் ஆழம்கூட இல்லாத தண்ணீரில் குடம்பிகள் நெளிகின்றன. நுளம்பைத் தடுக்கக் காசு கொடுத்து, ஜன்னலிலேயே அதற்குத் தொட்டில் கட்டித் தந்திருக்கிறார்கள்!

கடைக்காரருக்குக் கோல் எடுத்தேன். “சேர், கொழும்புல இப்படித்தான் போடுறோம், ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் வரல்ல” என்றார்.

“தம்பி, இங்க மழை மேல இருந்து மட்டும் வாறதில்ல. வந்து பாருங்க.”

வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு கீழ்ச்சட்டத்திலும் வெளிப்பக்கமாக இரண்டு துளை போட்டார், காசு கேட்கவில்லை. துளை போட்ட பிறகும் நான் பழைய பல்துலக்கியால் சட்டத்தைத் தேய்த்தேன். ஈடிஸ் முட்டைகள் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், அடுத்த மழை பட்டதும் பொரிக்கும். தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது.

இன்னொரு சங்கதி, குளியலறைக் காற்றுத் துளையும் வாசல் நிலைக்கு மேலே உள்ள துளைகளும் அவர்களுடைய எஸ்டிமேட்டில் இல்லை. கேட்டால் தனிக் காசு. அவற்றை விட்டுவிட்டு ஜன்னலுக்கு மட்டும் செலவழித்துப் பிரயோசனமில்லை. ஆகவே பேசும்போதே எல்லாத் துளையையும் எண்ணிக் காட்டுங்கள். கீழ்ச்சட்டத்தில் நீர் வடியத் துளை வேண்டும் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வாடகை வீட்டுக்காரர்கள் பிரேமைத் திருகாணியில் மாட்டித் தரச் சொல்லலாம், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.