பிபி மெஷின் வாங்கும் முன் கையை அளந்துவிடுங்கள்

அம்மாவுக்கு 64 வயது. பெரம்பூரில் நாங்கள் போகும் கிளினிக்கில் எப்போது பார்த்தாலும் பிபி 160-க்கு மேல்தான். "டாக்டரைப் பார்த்தாலே சிலருக்கு ஏறும். மாத்திரையைக் கூட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வீட்டில் பார்த்து எழுதிட்டு வாங்க" என்றார் டாக்டர். அதற்காக வாங்கியதுதான் இந்த டிஜிட்டல் மெஷின், 2,150 ரூபாய். மணிக்கட்டில் கட்டும் வகை வேண்டாம் என்று மேல்கையில் கட்டுவதையே எடுத்தேன். மணிக்கட்டை நெஞ்சு உயரத்தில் சரியாக வைக்காவிட்டால் அளவு மாறிவிடும்.

முதல் நாள் வீட்டிலும் 158. எனக்குப் பக்கென்றது. பிறகு பட்டையைத் திருப்பிப் பார்த்தால், ஓரத்தில் பொடி எழுத்தில் 22–32 செ.மீ. என்று போட்டிருக்கிறது. தையல் டேப்பை எடுத்து, அம்மாவின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றளவு பார்த்தேன். 35! பட்டை சின்னதாக இருந்தால் பிபி கூடுதலாகத்தான் காட்டும். அதே மெஷினுக்கான 22–42 பட்டையைத் தனியாக 800 ரூபாய் கொடுத்து வாங்கி மாட்டினேன். 146 வந்தது. விற்கும்போது கடையில் ஒருவராவது "கை அளவு என்ன?" என்று கேட்டிருக்க வேண்டாமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்புறம் உட்காரும் விதம். அம்மா ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொள்வார். அது கையை இறுக்கிப் பிடிக்கும். இப்போது தொளதொளவென்ற நைட்டியில்தான் பார்க்கிறோம். காலையில் பாத்ரூம் போய்வந்து, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் பதிய ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில். பட்டை இறுகும்போது "பால் பொங்கப் போகுது பாரு" என்று அம்மா பேசினால் அதற்கே எண் ஏறிவிடும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை. சாயங்காலமும் இதேபோல்.

ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு டாக்டர் சராசரி போட்டார்: 138/84. வீட்டில் பார்க்கும்போது 135/85-க்குக் கீழே இருக்க வேண்டுமாம். மாத்திரையைக் கூட்டவில்லை, உப்பைக் குறைக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாய் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

மெஷினால் ஒரு ஆபத்தும் வந்தது. ஒருநாள் 126 வந்ததும் "அதான் நார்மல் ஆயிடுச்சே" என்று அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு வாரத்தில் மறுபடி 150-ஐத் தாண்டியது. மாத்திரை போடுவதால்தான் 126 வருகிறது என்று டாக்டரே உட்கார்த்திச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார். வாங்குகிறவர்கள் வீட்டில் இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

மற்றபடி பட்டன் ஒன்றுதான், எண்கள் பெரிதாகத் தெரிகின்றன, அம்மா கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். கிளினிக்குக்கு ஒருமுறை எடுத்துப்போய் அங்குள்ளதோடு ஒப்பிட்டும் பார்த்தோம். பெரிய வித்தியாசம் இல்லை. கீழ்வீட்டு அக்காவும் வந்து பார்த்துக்கொள்கிறார். அவர் கை 27 செ.மீ., அவருக்கு அந்தப் பழைய பட்டை கச்சிதமாகப் பொருந்துகிறது.