அமீரகத்தில் தவணைக்கு எடுத்த கொரோலா: வாங்கியது முதல் விற்றது வரை

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து அமீரகத்துக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, கார் எடுக்கலாமா?" ஓசூரில் வேலை பழகிவிட்டு துபாய் ஜெபல் அலிக்குப் போனவன் நான். 2018-இல் புதிய டொயோட்டா கொரோலாவை வங்கிக் கடனில் எடுத்தேன். கடனை முழுதாக அடைத்து, 2023-இல் அதை விற்றுவிட்டுக் காவேரிப்பட்டினம் திரும்பினேன். காரைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் குடியுரிமை இல்லாத நாட்டில் கடன் வாங்கிக் கார் ஓட்டுவதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. அதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஆடம்பரத்துக்காக நான் கார் எடுக்கவில்லை. துபாயைவிட வாடகை குறைவு என்பதால் ஷார்ஜாவில் குடியிருந்தேன். வேலை செய்யும் இடம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி. துபாய் மெட்ரோ ஷார்ஜாவுக்கு வராது. நிறுவன பஸ் ஷிப்டு நேரத்துக்கு மட்டும்தான். இரவில் இயந்திரம் நின்றால் கூப்பிடுவார்கள். போய்த்தான் ஆக வேண்டும். இப்படி ஒரு தேவை இல்லாதவர்கள் மெட்ரோ, பஸ்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஓட்டுநர் உரிமம். நம் ஊர் உரிமத்தைக் கொடுத்து அந்த நாட்டு உரிமத்தை நேராக மாற்றிக்கொள்ள முடியாது. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, எழுத்துத் தேர்வு, நிறுத்தும் தேர்வு, சாலைத் தேர்வு என்று ஒவ்வொன்றாகத் தேற வேண்டும். இந்திய உரிமம் இருந்தால் பயிற்சி நேரம் குறையும், அவ்வளவுதான். தேறாவிட்டால் மீண்டும் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பழகிய துணிச்சல் அங்கே செல்லாது. கண்ணாடியைப் பார்க்காமல் தடம் மாறினால் அந்த இடத்திலேயே தேர்வு முடிந்துவிடும். வலப்பக்கம் ஓட்டும் பழக்கமும் புதிதாக வர வேண்டும். இந்தச் செலவையும் காரின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

இனி கடன். அமீரக மத்திய வங்கி 2011-இல் கொண்டுவந்த விதிகளின்படி, காரின் விலையில் 80 விழுக்காடு வரைதான் வங்கி கடன் தரலாம். மீதி 20 விழுக்காடு நம் கையிலிருந்து போக வேண்டும். தவணைக் காலம் அதிகபட்சம் 60 மாதம். எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் அடையாள அட்டை, உரிமம், சம்பளச் சான்றிதழ், சில மாத வங்கிக் கணக்கு விவரம், ஷோரூம் தரும் விலைப்புள்ளி, இத்தனையும் கேட்பார்கள். இவற்றுக்கு மேல் ஒன்றையும் பார்க்கிறார்கள்: நாம் வேலை செய்யும் நிறுவனம் வங்கியின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதை. அந்தப் பட்டியலில் இல்லாத சிறு நிறுவனத்தில் நல்ல சம்பளம் வாங்குகிறவருக்கு வட்டி கூடும், அல்லது கடனே கிடைக்காது. நம்மை நம்பித் தரும் கடன் அல்ல அது; நம் முதலாளியை நம்பித் தரும் கடன்.

வட்டியைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிகிற விழுக்காடு பெரும்பாலும் மாறாத அசலுக்குப் போடும் வட்டி. உதாரணமாக 60,000 திர்ஹம் கார், 12,000 முன்பணம், 48,000 கடன். 3 விழுக்காடு என்றால், நான்கு ஆண்டுக்கு வட்டி 5,760. மொத்தம் 53,760-ஐ 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,120 திர்ஹம். நாம் மாதந்தோறும் அசலை அடைத்துக்கொண்டே வருகிறோம்; வட்டியோ கடைசி மாதம் வரை முழு 48,000-க்கும் போட்டதாக இருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது ஐந்தரை விழுக்காட்டுக்கும் மேலே போகிறது. நம் ஊர் வங்கிகள் கார் கடனுக்குச் சொல்லும் விழுக்காடு குறையும் அசலுக்கானது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, "அங்கே வட்டி பாதிகூட இல்லை" என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள் என்று வங்கிக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு விழுக்காட்டையும் எழுதி வாங்குங்கள். இஸ்லாமிய வங்கி முறையில் வட்டி என்று சொல்லாமல், வங்கி காரை வாங்கி லாபம் வைத்து நமக்கு விற்கும், முராபஹா என்பார்கள். மொத்த லாபத் தொகை ஒப்பந்தத்திலேயே இருக்கும் என்பதால் எனக்கு அது தெளிவாகப் பட்டது.

போன மாதம், பாரூரில் இருக்கும் என் அக்காவின் மகன், தான் வேலை பார்க்கும் துபாயிலிருந்து அழைத்தான். "மாமா, 48,000 கடனை நான்கு வருடத்துக்குப் பதிலாக ஐந்து வருடம் போட்டால் தவணை 920 தான் வருகிறது. மாதம் 200 மிச்சம்."

"மாப்பிள்ளை, உன் விசா எத்தனை வருடத்துக்கு?"

"இரண்டு."

"அப்புறம்?"

"கம்பெனி புதுப்பிக்கும் மாமா."

இந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தனியார் நிறுவன வேலை விசா பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குத்தான். கடன் பத்திரம் ஐந்து ஆண்டுக்கு. நடுவிலே வேலை போனால், விசா ரத்தான பிறகு சிறிது காலம்தான் அங்கே இருக்கலாம். கடனுக்கு அந்தக் கெடு தெரியாது. உள்ளூர்க்காரனுக்கு வேலை போனால் இன்னொரு வேலை தேடும்வரை வீட்டில் இருப்பான். நமக்கு வேலையோடு அந்த நாட்டில் நிற்கிற உரிமையும் போகிறது. ஆகவே கார் வாங்கும்போது, எந்த நாளில் கிளம்பச் சொன்னாலும் கடனை முடித்துவிட்டுக் கிளம்ப முடியுமா என்பதை வைத்துத்தான் தவணையைத் தீர்மானிக்க வேண்டும். நான் அதிக முன்பணம் கட்டி, நான்கு ஆண்டுத் தவணை எடுத்தேன். எந்த மாதத்தில் காரை விற்றாலும் விற்ற பணம் மீதிக் கடனை அடைக்கப் போதுமாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஐந்து ஆண்டுத் தவணையில் முதல் இரண்டு ஆண்டு கார் விலை இறங்கும் வேகத்துக்கு அசல் இறங்காது.

2020-இல் இந்தக் கணக்குதான் என்னைக் காப்பாற்றியது. கொரோனா வந்தது, எங்கள் நிறுவனம் சம்பளத்தைக் குறைத்தது, சிலரை அனுப்பியும் விட்டது. மத்திய வங்கி மார்ச்சில் ஆதரவுத் திட்டம் அறிவித்திருந்ததால் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டேன். கொடுத்தார்கள். ஆனால் தள்ளிய மாதங்களுக்கும் என் வங்கி வட்டி போட்டது. தொலைபேசியில் பேசியவர் அதைச் சொல்லவே இல்லை. கையிருப்பு இருந்ததால் சமாளித்தேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் கார் கடனோடு தனிநபர் கடனும் வாங்கியிருந்தார். வேலை போன செய்தி வந்ததும், கடைசிச் சம்பளமும் பணிக்கொடையும் கணக்கில் விழுந்த உடனே வங்கி அதை முடக்கிவிட்டது. ஊருக்கு டிக்கெட் வாங்கவே கைமாற்று கேட்டார். பார்க்கப் பொறுக்கவில்லை.

பணிக்கொடையைக் கணக்கில் வைத்துத்தான் பலர் துணிந்து கடன் வாங்குகிறார்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்பது சட்டம். முழுச் சம்பளம் அல்ல, அடிப்படைச் சம்பளம். ஒப்பந்தத்தில் அடிப்படையைச் சிறிதாக வைத்துப் படிகளைப் பெரிதாகக் காட்டியிருந்தால் கையில் வருவது மிகவும் குறைவு.

"கட்ட முடியாவிட்டால் விமானம் ஏறி வந்துவிட்டால் போகிறது" என்று நம் பக்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகு துபாய் விமான நிலையத்திலேயே காரை விட்டுவிட்டுப் போன வெளிநாட்டவர் கதைகள் உலகம் முழுக்கச் செய்தியாயின. அந்தக் கதைகளை நம்பி இன்று யாரும் கிளம்பக் கூடாது. 10,000 திர்ஹமுக்கு மேல் பாக்கி இருந்தால் வங்கி நீதிமன்றத்தில் பயணத் தடை கேட்கலாம். கடனுக்கு ஈடாக வங்கிகள் கையெழுத்திட்ட காசோலை வாங்கிவைப்பது வழக்கம். பணமில்லாமல் அது திரும்பினால் முன்பு குற்ற வழக்கு. 2022 ஜனவரி முதல் பெரும்பாலும் சிவில் விவகாரம் ஆக்கப்பட்டது. ஆனால் அந்தக் காசோலையை வைத்தே நேராக வசூல் நடவடிக்கைக்குப் போகலாம் என்றும் ஆனது. இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 2020 ஜனவரியில் இந்திய அரசு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ் அமீரக நீதிமன்றத் தீர்ப்புகளை இங்கே நிறைவேற்ற வழி செய்து அறிவிப்பு வெளியிட்டது. துபாய் சிவில் நீதிமன்றத் தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, இங்கே வழங்கிய தீர்ப்பைப் போலவே நிறைவேற்றக் கேட்கலாம். அப்பா பெயரில் இருக்கும் தோப்பைத் தொட முடியாதுதான். உங்கள் பெயரில் வாங்கிய மனைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ரூபாய் மதிப்பும் சேர்ந்துகொள்ளும். 2018 தொடக்கத்தில் ஒரு திர்ஹம் 17 ரூபாய்ச் சொச்சம். 2022 முடிவில் 22 ரூபாயைத் தாண்டிவிட்டது. அங்கே இருந்து சம்பாதிக்கும்வரை இது நமக்கு லாபம். கடனோடு ஊர் திரும்பி, ரூபாயில் சம்பாதித்துத் திர்ஹமில் அடைக்க வேண்டி வந்தால் அதே ஏற்றம் கழுத்தை நெரிக்கும்.

இனி காருக்கு வருகிறேன். 1.6 லிட்டர் பெட்ரோல் கொரோலா. 2018 ஜனவரியில் வந்திருந்த 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியோடு விலை 60 ஆயிரத்தைத் தாண்டியது. வளைகுடாத் தரத்துக்கென்று செய்த வண்டி. ஷார்ஜாவின் பழைய கார்ச் சந்தைகளில் அமெரிக்காவிலிருந்து இறக்கிய கார்கள் பாதி விலைக்குக் கிடைக்கும். பளபளவென்று இருக்கும். அவற்றில் பல அங்கே விபத்திலோ வெள்ளத்திலோ அடிபட்டு ஏலம் போனவை. வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் தயங்குவதற்கு அதுவே காரணம். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இன்ஜின் ஒருநாளும் தகராறு செய்யவில்லை. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் திறந்த வெளியில் நிறுத்தி எடுத்தாலும் ஏசி சீக்கிரமே குளிர்ச்சிக்கு வந்துவிடும். இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பேட்டரி மட்டும் அந்த வெப்பத்தில் இரண்டு ஆண்டு தாண்டுவது கடினம். டயரைப் பொறுத்தவரை ஒரு விஷயம்: பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓட்டம் குறைவாக இருந்தாலும் ஐந்து ஆண்டு கடந்த டயரை அங்கே ஓட்டக் கூடாது. மலிவு என்று சொல்லிக் கடையில் பழைய இருப்பைத் தள்ளிவிடுவார்கள். குனிந்து அந்த எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். தினமும் போன ஷேக் முகமது பின் சாயித் சாலையில் 110 கிலோமீட்டர் வேக வரம்பு. சாலையின் இரைச்சல் காருக்குள் அதிகம் கேட்கும். இருக்கை நீண்ட பயணத்தில் இடுப்பை வலிக்க வைக்கும். இவை இரண்டும்தான் குறை.

மாதத் தவணையோடு செலவு முடியாது. கடன் இருக்கும்வரை முழுக் காப்பீடு கட்டாயம். முல்கியா என்னும் பதிவு அட்டையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அபராதப் பாக்கி முழுவதையும் கட்டினால்தான் புதுப்பிப்பார்கள். மூன்று ஆண்டு கழிந்தால் வண்டியைச் சோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். பெட்ரோல் விலை 2015 ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் மாறுகிறது. சாலிக் என்னும் துபாய்ச் சாலைச் சுங்கம் நான் இருந்தபோது ஒரு முறைக்கு 4 திர்ஹம்; 2025 ஜனவரி 31 முதல் நெரிசல் நேரத்தில் 6 திர்ஹம் ஆகிவிட்டது. தவணைக்கு ஈடாக இன்னொரு தொகை இவற்றுக்கே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரை இங்கே கொண்டுவந்துவிடலாமே என்று ஊரில் பலர் கேட்டார்கள். முடியாது. பழைய காரை இறக்குமதி செய்ய அது வலப்பக்க ஸ்டீயரிங் உள்ளதாகவும் மூன்று ஆண்டுக்குள் தயாரானதாகவும் இருக்க வேண்டும். சுங்க வரியோ காரின் விலையை விழுங்கிவிடும். அங்கேயே விற்பதுதான் ஒரே வழி.

விற்கும்போது கடன் தீர்ந்திருந்தால் வேலை எளிது. நம் ஊர் ஆர்.சி.யில் இருப்பதுபோலவே முல்கியாவிலும் வங்கியின் அடமானம் ஏறியிருக்கும். கடன் தீர்ந்ததும் வங்கியிடம் பாக்கியில்லாச் சான்றிதழ் வாங்கி அதை நீக்க வேண்டும். கடைசிச் சில தவணைகளை நான் முன்கூட்டியே அடைத்தேன். பாக்கித் தொகையில் 1 விழுக்காடு கட்டணம் பிடித்தார்கள். வாங்குபவரோடு பதிவு மையத்துக்குப் போய், அவர் பெயரில் காப்பீடு போட்டு, பெயர் மாற்றி, அங்கேயே பணத்தை வாங்கினேன். பணம் கைக்கு வரும்முன் யாருக்கும் சாவி கொடுக்காதீர்கள், அவர் நம் மாவட்டத்துக்காரராகவே இருந்தாலும்.

கிளம்புவதற்குமுன் சாலிக் கணக்கை மூடுங்கள். ஈடாகக் கொடுத்த காசோலையைக் கேட்டுத் திரும்ப வாங்குங்கள். வங்கி தானாகக் கொண்டுவந்து தராது. அல் எதிஹாத் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையை எடுத்து, உங்கள் பெயரில் எந்தக் கணக்கும் திறந்தில்லை என்று பாருங்கள். கார் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டிய கிரெடிட் கார்டு எனக்கு அதில்தான் தெரியவந்தது. அதை ரத்து செய்து கடிதம் வாங்கிய பிறகே டிக்கெட் போட்டேன். அக்கா மகனுக்கும் இதையே சொன்னேன். அவன் இப்போது மூன்று ஆண்டுத் தவணைக்குக் கட்டுப்படியாகும் சிறிய கார் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.