பவர்போட்டில் ரேடார்: தட்டையாகவா, சாய்த்தா?

புது ரேடாரை நேரடியாக மோட்டார் படகின் கூரையில் திருகலாமா, அடியில் ஆப்பு வைத்து முன்பக்கம் சாய்க்கலாமா?

செலவு: தட்டை என்றால் போல்ட்டும் சீலன்ட்டும் போதும். சாய்த்தால் ஆப்பும் நீளமான போல்ட்டும் கூடுதல்.

உழைப்பு: ஏறக்குறைய ஒன்றுதான். துளைகளில் தண்ணீர் இறங்காதபடி இரண்டிலும் நன்றாக அடைக்க வேண்டும்.

பார்வை: இங்கேதான் பெரிய வித்தியாசம். சிறிய டோம் (வட்ட மூடிக்குள் இருக்கும்) ரேடாரின் கதிர் செங்குத்தாகச் சுமார் 25 டிகிரி விரியும். நடுக்கோட்டுக்குக் கீழே அதில் பாதிதான். வேகமெடுத்து முகப்பு 4, 5 டிகிரி தூக்கினால் தட்டையான ரேடார் அந்த அளவுக்கு வானத்தைப் பார்க்கும். முன்னால் அருகிலிருக்கும் மிதவையும் சிறு படகும் மங்கிப்போகும். இருட்டில் அதுதான் ஆபத்து. ஆப்பு அந்தத் தூக்கலை ஈடுகட்டும். படகு நிற்கும்போது ரேடார் கொஞ்சம் குனிந்திருக்கும்; கதிரின் விரிவு அதைச் சமாளித்துவிடும்.

ஆப்பு வாங்குமுன், வழக்கமான வேகத்தில் ஓடும்போது கூரையின் சாய்வைக் கோணமானியால் அளந்துவிடுங்கள். சில கூரைகள் ஏற்கெனவே முன்னால் சரிந்திருக்கும். அப்புறம் ஆப்பே வேண்டாம்.

மெதுவாக, மட்டமாகப் போகும் படகுக்குத் தட்டை சரி. முகப்பைத் தூக்கி வேகமாக ஓடும் படகுக்கு ஆப்புதான் என் தேர்வு.